மண்ணெண்ணெய் வரிசையில் ஒரு மின்நூல்

டேனிஷ் நகரமான ஹொல்ஸ்டெப்ரோவில் எங்கள் வீட்டுக்கு மேல் மாடியில் இருந்த அக்கா எந்தப் புத்தகத்தையும் கடைசிப் பக்கத்திலிருந்துதான் தொடங்குவார். கொலைகாரன் யார், பிழைத்தது யார், யார் யாரைக் கட்டினது என்பதை எல்லாம் அறிந்துகொண்ட பிறகுதான் முதல் பக்கத்துக்கு வருவார். அதுவும் ஒரு கோப்பி போட்டுக்கொண்டு, கால்களைச் சோபாவில் நீட்டிக்கொண்டு, இனி ஒரு அவசரமும் இல்லை என்ற முகத்தோடு. படமும் அப்படித்தான். தமிழ்க்கடையில் வாடகைக்கு எடுத்த டிவிடியை முதலில் கடைசிக் காட்சிக்கு ஓட்டி, கதாநாயகன் உயிரோடு இருப்பதை உறுதிப்படுத்திய பிறகே எங்களைக் கூப்பிடுவார். நாங்கள் போய் உட்கார்ந்ததும், "பயப்பிடாமல் பாருங்கோ, தாய் மட்டும்தான் சாகுது" என்பார். அந்த ஊரில் அக்காவோடு உட்கார்ந்து ஒரு படத்தை முழுதாக ரசித்த தமிழர் எவரும் இருந்ததாக நான் கேள்விப்படவில்லை.

தொலைபேசியிலும் இதே பழக்கம். மணி அடித்தால் எடுத்து, "முதல் ஆருக்கு என்ன நடந்தது எண்டு சொல்லுங்கோ, சுகம் பிறகு விசாரிப்பம்" என்பார். பிள்ளையின் பிறந்தநாளுக்கு அழைக்க எடுத்தவர்கள் திக்குமுக்காடிப் போவார்கள். என் கணவர் ஒருமுறை கறிவேப்பிலை கேட்க எடுத்து, இந்தக் கேள்வியில் மாட்டிக்கொண்டு, ஒருவருக்கும் ஒன்றும் நடக்கவில்லை என்று சத்தியம் பண்ணிய பிறகுதான் கறிவேப்பிலைக்கு வர முடிந்தது. அதற்குப் பிறகு எங்கள் ஆட்கள் எல்லோரும் அக்காவுக்குத் தொலைபேசி எடுத்தால் வணக்கம் சொல்வதில்லை. "எல்லாரும் இருக்கினம் அக்கா" என்றுதான் தொடங்குவார்கள்.

அக்கா எங்கள் ஊருக்கு வருவதற்கு முன் எஸ்பியர்க்கில் மீன் தொழிற்சாலையில் வேலை செய்தவர். ஐஸ் தண்ணீருக்குள் வருடக்கணக்கில் கை வைத்ததில் விரல்கள் விறைத்து, மடக்கினால் நிமிராது, நிமிர்த்தினால் மடங்காது என்று ஆகிவிட்டன. டேனிஷ் மொழியை அவருக்கு அரசாங்கம் வகுப்பு வைத்துச் சொல்லிக் கொடுத்தது. அந்த வகுப்பில் அவர் கற்றுக்கொண்டது வானிலை பற்றிப் பேசுவது மட்டும்தான். மற்றதை எல்லாம் நூலகத்துத் துப்பறியும் நாவல்களே சொல்லிக் கொடுத்தன. அதனால் சந்தேகநபர், கைரேகை, பிரேதப் பரிசோதனை எல்லாம் டேனிஷில் தண்ணீர் பட்ட பாடு. தோசைக்கல்லுக்கு என்ன சொல்வது என்று கேட்டால் கையைத்தான் காட்டுவார். நகரசபைக்கு ஒருமுறை குறித்த நேரத்துக்குப் போகத் தவறிவிட்டார். அடுத்த முறை போனபோது, சம்பவ நேரத்தில் தான் வேறிடத்தில் இருந்ததாகவும் அதற்கு இரண்டு சாட்சிகள் உண்டு என்றும் அந்த அதிகாரிப் பெண்ணிடம் தெளிவாகச் சொன்னார். சாட்சிகள் நானும் என் கணவரும். அந்தப் பெண் எங்களை மேலும் கீழும் பார்த்தாள்.

விரல்கள் தடித்த புத்தகங்களைத் தாங்க மாட்டோம் என்று சொன்ன காலத்தில், ஓஹூஸில் படித்துக்கொண்டிருந்த மகன் ஒரு டப்லெட் வாங்கிக் கொண்டுவந்து கொடுத்தான். தாய் தமிழில் கேட்டால் டேனிஷில் பதில் சொல்லும் பிள்ளை. ஆனால் தாயின் விரல்களைப் பார்த்து வைத்திருந்தான். நூலகத்து மின்நூல்களை அதிலேயே இரவல் எடுக்கலாம். எழுத்தைப் பெருப்பிக்கலாம். ஒரு விரலால் தள்ளினால் பக்கம் போகும். கடைசிப் பக்கத்துக்கு இன்னும் சுகமாகப் போகலாம். அக்கா சில மாதம் ராணி மாதிரி வாசித்தார்.

அதற்குள் பதிப்பகத்தார் விழித்துக்கொண்டார்கள். காகிதப் புத்தகம் என்றால் மூலை மடியும், கோப்பிக் கறை படும், யாராவது குளியல் தொட்டிக்குள் போடுவார்கள். நூலகம் இன்னொன்று வாங்கும். மின்நூலுக்கு இப்படியான வருத்தம் ஒன்றும் வராது. பழுதாகாத சாமானை அப்படியே விடலாமா? ஆகவே பழுதை அவர்களே செய்து சேர்த்தார்கள். முதலில், ஓர் ஆள் மாதத்துக்கு இத்தனைதான் எடுக்கலாம் என்றார்கள். பிறகு, சில புதுப் புத்தகங்களை இப்போதைக்குத் தர மாட்டோம் என்றார்கள். தந்த புத்தகத்தையும் ஒரு நேரத்தில் ஒருவர்தான் வாசிக்கலாம், மற்றவர்கள் வரிசையில் நிற்க வேண்டும் என்றார்கள். மாதம் முடிந்தால் புத்தகம் தானாகவே மறைந்துவிடும். நீங்கள் எந்த வரியில் நிற்கிறீர்கள் என்று அது பார்க்காது. நாகரிகமான நாடு, ஆள் வந்து பறிப்பதில்லை.

இதெல்லாம் நாங்கள் பிறந்த நாட்டில் சண்டை முடிந்து, எங்கள் ஆட்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் வேலைக்குப் போய் வந்த காலம். அக்காவுக்கு ஒரே ஒரு தம்பி. கடைசி மாதங்களில் அவன் வன்னிக்குள் இருந்தான். யாருடையதோ செய்மதித் தொலைபேசியில் ஒரு நாள் எடுத்து, நாளைக்குச் சண்டைக் கோட்டைத் தாண்டி அங்காலை மாறப் போகிறோம் அக்கா என்று சொல்லி வைத்தான். அதோடு சரி. மே மாதம் சண்டை முடிந்தது என்று டேனிஷ் தொலைக்காட்சியும் சொன்னது, வானிலை அறிக்கைக்கு முன்னால், அவசரமாக. நாங்கள் மண்டபத்தில் கூடி மெழுகுதிரி ஏற்றி அழுதோம். அக்கா அழவில்லை. அவன் இல்லை என்பதை அவர் அன்றைக்கே முடிவு பண்ணிவிட்டார்.

அதற்குப் பிறகுதான் தொலைபேசியைக் கையில் எடுத்தார். முகாம்களிலிருந்து வெளியே வந்தவர்கள் லண்டனில், பாரிஸில், சென்னையில் எங்கே இருந்தாலும் எண் தேடிப் பிடிப்பார். தம்பி உயிரோடு இருக்கிறானா என்று ஒருவரிடமும் கேட்டதில்லை. எந்தப் பாதையால் போனீர்கள், அவனோடு யார் நின்றது, காலில் செருப்பு இருந்ததா, சாப்பிட்டானா என்று கேட்பார். ஒருவர் அவனைப் பதுங்குகுழிக்குப் பக்கத்தில் கண்டதாகச் சொன்னார். இன்னொருவர் கடலேரிக் கரையில் கண்டதாகச் சொன்னார். இரண்டும் பொருந்தவில்லை. அக்காவோ துப்பறியும் நாவலில் வளர்ந்தவர். குறுக்கு விசாரணை தொடங்கிவிடுவார். முடிந்ததைக் கிளறி என்ன பிரயோசனம் அக்கா என்று சிலர் நயமாகச் சொன்னார்கள். பிறகு ஒருவரும் எடுப்பதில்லை. கேட்டுக் கேட்டு ஆட்களை விரட்டிவிட்டார் என்று அவர் இல்லாத இடத்தில் நாங்களும் கதைத்தோம்.

அந்த நேரத்தில்தான் அந்தப் புத்தகம் வந்தது. டேனிஷ் துப்பறியும் நாவல். மேற்குக் கடற்கரையில் ஒரு துறைமுகப் பட்டினம். ஒருத்தியின் தம்பி காணாமல் போகிறான். பொலிஸ் தேடிவிட்டுக் கோப்பை மூடுகிறது. அவள் மட்டும் வீடு வீடாய்ப் போய்க் கேட்கிறாள். நூலகத்தில் புதுப் புத்தகத் தட்டில் இருந்ததை அக்கா எடுத்து, வழக்கம்போல் நின்ற நிலையிலேயே கடைசிப் பக்கத்தை வாசித்தார். அன்று பின்னேரம் படிக்கட்டில் என்னை மறித்துக்கொண்டு சொன்னார்.

"தம்பி செத்துத்தான் போனான், பிள்ளை. பொலிஸ்காரன் அவன்ர சப்பாத்தைக் கொண்டுவந்து குடுக்கிறான். அவள் அழாமல் வீட்ட போய் உருளைக்கிழங்கு அவிக்கிறாள். அது தெரியும். ஆனால் அவள் எப்பிடிக் கண்டுபிடிச்சவள்? அதை நான் வாசிக்க வேணும்."

எந்தத் தம்பி என்று எனக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும், வாசியுங்கோ அக்கா என்றேன்.

செங்கல் பருமன் புத்தகம். இரண்டு கையாலும் பிடித்துப் பார்த்தார், காலில்தான் விழுந்தது. மின்நூலை எடுக்கப் போனால் அது இன்னொருவர் கையில் இருந்தது, முன்னால் ஒரு வரிசையும் நின்றது. இதை நேரில் விசாரிக்க வேண்டும் என்று என்னையும் கூட்டிக்கொண்டு நூலகத்துக்குப் போனார். அங்கே மெல்லிய குரலில் எதற்கும் முன்கூட்டியே மன்னிப்புக் கேட்கிற ஒரு டேனிஷ் பெண் இருந்தார். புத்தகம் இப்போது எங்கே இருக்கிறது என்று அக்கா கேட்டார். இன்னொரு வாசகரிடம் என்றார் அவர். அப்படியானால் உங்கள் கணினிக்குள் இல்லையா? இருக்கிறது. எனக்குத் தந்தால் அந்த வாசகருக்கு இல்லாமல் போகுமா? போகாது. பிறகென்ன? பதிப்பகம் அனுமதிப்பதில்லை. சொல்லும்போது அந்தப் பெண்ணுக்கே முகம் சிவந்துவிட்டது.

திரும்பும்போது நல்ல காற்று. அக்கா சைக்கிளை உருட்டிக்கொண்டே வந்தார்.

"ஊரில கூப்பனுக்கு மா குடுக்கிற சங்கக்கடைக்காரன்கூட மா முடிஞ்சுது எண்டுதான் பொய் சொல்லுவான், பிள்ளை. மா இருக்கு, ஒருநாளும் முடியாது, ஆனால் தரமாட்டம் எண்டு இவ்வளவு மரியாதையாய்ச் சொன்ன ஆக்களை நான் இப்பதான் காணுறன்."

வரிசை என்ற சொல்லைக் கேட்டதுமே அக்காவுக்குள் பழைய ஆள் ஒருத்தி எழும்பிவிட்டாள். ஊரில் சண்டையின்போது பொருளாதாரத் தடை இருந்த காலத்தில் மண்ணெண்ணெய்க்கு வரிசை நின்றவர்களுக்கு இது விளங்கும். ஆள் நிற்க வேண்டியதில்லை, எண்ணெய் பிடிக்கிற கான் நின்றால் போதும். ஒரு வீட்டுக்கு ஒரு கான் என்றால் சித்தியின் பெயரில் ஒன்று, பக்கத்து வீட்டுக்காரரின் பெயரில் ஒன்று என்று இடையிடையே வைத்துவிட வேண்டும். அக்கா டேனிஷை அகராதியோடு வாசிப்பவர். ஒரு மாதம் அவருக்குக் காணாது. ஆகவே முதலில் தன் அட்டையில் பதிந்தார். அதன் பின்னால் என் அட்டை, பிறகு என் கணவருடையது, பிறகு கீழ் வீட்டுக் குடும்பம், பிறகு கோயிலில் மணியடிக்கிற அண்ணை என்று எங்கள் ஆட்களின் மஞ்சள் சுகாதார அட்டைகளை எல்லாம் வாங்கி, இரகசிய எண்ணையும் வாங்கி, வரிசையில் வைத்தார். அந்த அட்டைதான் அங்கே நூலக அட்டையும். எண் கொடுக்க ஒருவரும் தயங்கவில்லை. நூலகத்தில் தங்களுக்கும் கணக்கு உண்டு என்பதே பலருக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

"என்ர கான் வத்தேக்க உம்மட கான் முன்னுக்கு நிக்கும். உம்மட வத்தேக்க உம்மட மனுசன்ர. விளங்குதோ?" என்றார்.

நன்றாக விளங்கியது. கோழிக்கால் மலிவு விற்பனைத் துண்டுப் பிரசுரம் தவிர வேறெதையும் வாசித்தறியாத என் கணவர் ஒரு டேனிஷ் துப்பறியும் நாவலுக்காகக் காத்திருக்கும் வாசகர் ஆனார்.

டேனிஷ்காரர் கணக்கு வேறாக இருந்தது. வரிசை நீண்டால் நூலகம் கூடுதல் பிரதிக்கு அனுமதி வாங்கும் என்பது அக்காவுக்குத் தெரியாது. எங்கள் சங்கக்கடையில் அப்படி ஒரு வழக்கம் இருந்ததில்லை. தமிழ்ப் பெயர்கள் மளமளவென்று சேர்ந்ததைப் பார்த்த நூலகம் ஒரேயடியாகக் கனக்கப் பிரதிகளுக்கு அனுமதி வாங்கியது. ஒரே நாளில் எல்லோருடைய தொலைபேசிக்கும் செய்தி வந்தது, நீங்கள் ஆவலோடு எதிர்பார்த்த புத்தகம் தயார் என்று. இரண்டு மூன்று நாளுக்குள் எடுக்காவிட்டால் முறை போய்விடும் என்றும் அதில் இருந்தது. பயந்துபோய் எல்லோரும் எடுத்துவிட்டார்கள். மண்ணெண்ணெய் எல்லாக் கானுக்கும் ஒரே நாளில் கிடைத்தால் கொண்டாட்டம். இங்கே எல்லாக் கானும் ஒரே நாளில் நிரம்பி, ஒரே நாளில் வற்றப் போகின்றன. அக்கா தலையில் கை வைத்துக்கொண்டார். பிறகு அகராதியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

இதற்கிடையில் நூலகத்துப் பெண்ணுக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. தமிழ்ச் சமூகத்தின் வாசிப்பு ஆர்வத்தைப் பாராட்டி ஒரு வாசகர் வட்டம் வைத்தார். கேக் உண்டு என்றபடியால் என் கணவரும் வந்தார். சில டேனிஷ் பெண்கள் பின்னலும் கையுமாக உட்கார்ந்திருந்தார்கள். எதிரே தொழிற்சாலை வேலை முடிந்து குளித்துவிட்டு வந்த எங்கள் ஆட்கள், அந்தப் புத்தகத்தின் அட்டைப்படத்தை அன்றுதான் பார்த்தவர்கள். எந்தப் பாத்திரம் உங்களுக்கு நெருக்கமாக இருந்தது என்று அவர் என் கணவரிடம் கேட்டார். என் கணவர் யோசித்துவிட்டு, பொலிஸ்காரர், பாவம், களைத்துப்போய் இருக்கிறார் என்றார். டேனிஷ் பெண்கள் ஆழ்ந்து தலையாட்டினார்கள். அன்று முழுக்க அந்தப் பெருமையில் அவரோடு வீட்டில் பேச முடியவில்லை.

பிறகு அக்கா பேசினார். பேசினால் எங்கிருந்து தொடங்குவார் என்று உங்களுக்குத் தெரியும். சப்பாத்து, கடற்கரை, உருளைக்கிழங்கு. பாதிப் புத்தகத்தில் நின்ற பெண்களின் கோப்பிக் கோப்பைகள் அப்படியே கீழே இறங்கின. முடிவைச் சொல்லாமல் விடலாமே என்று நூலகத்துப் பெண் மெதுவாகச் சொன்னார். முடிவைச் சொன்னால் கதை குறைந்தா போய்விடும் என்று அக்கா கேட்டார். நூலகத்துப் பெண் கேக்கை வெட்டத் தொடங்கினார். கேக் நன்றாக இருந்தது.

மாதம் முடிந்தது. ஒரே காலையில் எல்லோருடைய புத்தகமும் மறைந்தது. அக்கா மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேலே வந்திருந்தார். தம்பியைக் கடைசியாகக் கண்டவன் ஒருவன் இருக்கிறான் என்று கதையில் வரும் தமக்கை அறிந்துகொண்டு, அவன் வீட்டுக்குப் போய்க் கதவைத் தட்டுகிறாள். அவன் கதவைத் திறக்கிறான். அந்த இடத்தில் போய்விட்டது.

அட்டைகளை மறுபடி வைக்கலாம் என்று பார்த்தால் அந்தப் பெயரில் புத்தகமே இல்லை. அட்டைப்படமும் இல்லை. நூலகத்துக்குப் போனோம். பதிப்பகம் தன் மின்நூல்களை எல்லாம் நூலகங்களிலிருந்து விலக்கிக்கொண்டதாம். சனங்கள் அளவுக்கு மீறி இரவல் எடுக்கிறார்களாம், விற்பனை படுத்துவிடும் என்று பயமாம். நூலகத்துக்கு ஆட்கள் வாசிக்க வருகிறார்கள் என்பதைக் கண்டுபிடித்து அவர்கள் அதிர்ந்துபோனதில் நியாயம் இருந்தது. மணியடிக்கிற அண்ணைக்கும் என் கணவருக்கும் அதில் ஒரு பங்கு உண்டு என்று நினைக்க எனக்குப் பெருமையாகவும் இருந்தது.

அக்கா சண்டை பிடிக்கவில்லை. கதவைத் திறந்தவன் என்ன சொன்னான் என்றாவது சொல்ல முடியுமா என்று கேட்டார். அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டார். காகிதப் பிரதியும் இரவல் போய்விட்டது, தான் இன்னும் வாசிக்கவில்லை என்றார். அவரும் அந்த வரிசையில்தான் நின்றிருக்கிறார், எங்கள் ஆட்களுக்குப் பின்னால்.

அன்று அக்கா முதல்முறையாகக் கிழவியாகத் தெரிந்தார். மகன் தொலைபேசியில், மின்நூலை வாங்கிவிடுங்கள் அம்மா, ஒரு நிமிட வேலை என்று டேனிஷில் சொன்னான். அக்கா மாட்டேன் என்றார். கொண்டு ஓட முடியாத சாமானைத் தான் வாங்குவதில்லை என்பது அவருடைய பழைய கொள்கை. அதை அவர் ஐந்து பேர் இருக்கக்கூடிய சோபாவில் இருந்தபடிதான் எப்போதும் சொல்வார். மின்நூல் ஒன்றுதான் அக்கா உங்களால் கொண்டு ஓடக்கூடியது என்று நான் சொல்லிப் பார்த்தேன்.

"வாங்கினாலும் அவங்கள் நினைச்சால் எடுப்பாங்கள், பிள்ளை. வீட்டுக்குள்ள வந்து கையில இருந்ததை எடுத்தவங்கள்தானே. அவன் கதவைத் திறந்துபோட்டு நிக்கிறான். என்ன சொல்லப் போறான் எண்டு நான் பாத்துக்கொண்டிருக்கேக்க எடுத்தவங்கள்."

தம்பியைப் பற்றி அக்கா கேட்டபோது தொலைபேசியை வைத்துவிட்டவர்களை எல்லாம் நான் அப்போது நினைத்தேன்.

அந்தச் சனிக்கிழமை கடையில் காகிதப் புத்தகத்தை வாங்கினேன். செங்கலை வாங்கி என்ன செய்வது என்று என் கணவர் கேட்டார். வெட்டுங்கோ என்றேன். தளபாடத் தொழிற்சாலையில் வேலை செய்பவர், கை நேராக வெட்டும். ஆனால் மனம் வரவில்லை. சரஸ்வதி பூசைக்கு வைக்கிற சாமானில் கத்தி வைப்பதா என்று நின்றார். தான் ஒருநாளும் திறக்காத பொருளின் மேல் அவருக்கு அவ்வளவு பக்தி. கடைசியில் புத்தகத்தைக் கண்ணில் ஒற்றி, மன்னிப்புக் கேட்டு, முதுகோடு அறுத்து, மெல்லிய துண்டுகளாகப் பிரித்தார். ஒவ்வொன்றின் ஓரத்திலும் துணி நாடா ஒட்டினார். ஒரு துண்டை ஒற்றைக் கையில் தூக்கினால் வாரமலர் கனம்தான் இருந்தது. எந்தப் பதிப்பகமும் அதைத் திரும்ப எடுக்க வராது.

மேலே கொண்டுபோய்க் கொடுத்தோம். அக்கா துண்டுகளைச் சோபாவில் பரப்பி வைத்துப் பார்த்தார். வெட்டினதுக்கு ஏசப் போகிறார் என்று என் கணவர் எனக்குப் பின்னால் ஒதுங்கினார். அக்கா ஏசவில்லை. வாசித்து முடித்த துண்டுகளை ஒருபக்கம் வைத்தார். கதவு திறக்கிற பக்கத்தைத் தேடி எடுத்தார். அந்த விரல்களுக்குள் அது நின்றது. வாசிக்கத் தொடங்குவதற்கு முன் கடைசித் துண்டை எடுத்து என் கையில் தந்தார்.

"இதை நீர் கொண்டு போம். முடிவு எல்லாருக்கும் தெரியும். நடுவில என்ன நடந்தது எண்டதுதான் ஒருத்தரும் சொல்லாதது."

என் கணவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் துண்டை வாங்கிக்கொண்டு படியிறங்கினேன்.

சில வருடங்களுக்குப் பிறகு அக்கா மகனோடு ஓஹூஸுக்குப் போய், அங்கேயே காலமானார். செய்தி சொல்ல எடுத்த மகன் தமிழில் தொடங்கினான். முதலில் முடிவைச் சொன்னான், சுகம் பிறகு விசாரித்தான். தாயின் தொலைபேசிப் பழக்கத்தை அவன் எப்போது எடுத்துக்கொண்டான் என்று தெரியவில்லை. தம்பி எந்தப் பாதையால் போனான் என்பதை அதுவரைக்கும் ஒருவரும் அக்காவுக்குச் சொல்லவில்லை. அந்தக் கடைசித் துண்டு இன்னும் எங்கள் அலுமாரியில் கிடக்கிறது. அதற்கு வரிசையில் யாரும் இல்லை.